‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ (1933): ஜான் வேய்ன் வாயசைத்த கௌபாய் படம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வெஸ்டர்ன் படங்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நண்பர்கள் நழுவிவிடுவார்கள். ஆனால் “ஜான் வேய்ன் ஒரு படத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே சுடப் போவார்” என்று சொன்னால் மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவைதான் இங்கே இருக்கின்றன. கதை முழுக்க வெளியே வந்துவிடும், ஆனால் இந்தப் படத்தில் கதை தெரிந்துவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதலில், இது என்ன படம்?

1933 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். சுமார் 53 நிமிடம்தான் ஓடும், நம் ஊர்ப் படத்தில் இடைவேளைகூட வந்திருக்காது. எழுதி இயக்கியவர் ராபர்ட் என். பிராட்பரி, தயாரிப்பாளர் பால் மால்வர்ன், வெளியிட்டது மோனோகிராம். மால்வர்னின் ‘லோன் ஸ்டார்’ என்ற முத்திரையில் ஜான் வேய்ன் 1933 முதல் 1935 வரை 16 படங்கள் நடித்தார். அந்த வரிசையில் முதல் படம் இது.

கதை?

தண்ணீர்தான் கதை. ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் போகிற தண்ணீரைக் கின்கெய்ட் என்ற ஆள் தன் பிடியில் வைத்திருக்கிறான். நான் சொல்லும் விலைக்குத் தண்ணீர் வாங்கு, முடியாவிட்டால் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போ என்று மிரட்டுகிறான். கிழவர் டென்டனும் அவர் மகள் ஃபேயும் மட்டும் மசியவில்லை, ஏனென்றால் அவர்கள் நிலத்தில் சொந்தக் கிணறு இருக்கிறது. அங்கே வெள்ளைக் குதிரையில் பாடிக்கொண்டே வந்து சேர்கிறான் ‘சிங்கிங் சாண்டி’ சாண்டர்ஸ். வாஷிங்டனிலிருந்து அனுப்பப்பட்ட ரகசிய அரசு ஏஜென்ட் அவன், ஊருக்கு அது தெரியாது.

அப்புறம் வழக்கம்போலத் துரத்தல், சண்டை, மறுபடி துரத்தல். முடிவு மட்டும் கெட்டிக்காரத்தனமானது. டென்டனின் கிணற்றை வெடி வைத்துத் தகர்த்துவிட்டால் எல்லோரும் தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று கின்கெய்ட் நம்பும்படி சாண்டி காய் நகர்த்துகிறான். கிணற்றுக்கு அடியில் ஓடுவது பெரிய நீரோட்டம். வெடித்ததும் அது பீறிட்டு வெளியே வந்து ஆறாக ஓடி ஊருக்கே தண்ணீர் கிடைத்துவிடுகிறது. வில்லன் காசு போட்டு வில்லன் கையாலேயே ஊருக்குப் புண்ணியம் செய்ய வைத்த கதாநாயகன். இவ்வளவு சின்னப் படத்துக்கு இது கொஞ்சம் அதிகமான மூளை என்றே சொல்வேன்.

தண்ணீர்ச் சண்டையெல்லாம் கௌபாய் படத்தில் எப்படி வந்தது? தங்கம், மாடு, ரயில் இதுதானே இருக்கும்?

கலிபோர்னியாவில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களுக்குத் தண்ணீர் வெறும் கற்பனைச் சரக்கு இல்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குக் கொண்டுவந்தது 1913-ல். வயிறெரிந்த அந்தப் பக்கத்து விவசாயிகள் 1924-ல் அந்தக் கால்வாய்க்கே வெடி வைத்தார்கள். 1928 மார்ச்சில் செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்த மாதிரிப் படங்களை எடுத்துத் தள்ளிய நியூஹால் வட்டாரத்திலிருந்து அந்த அணை ரொம்பத் தூரமில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் பிராட்பரி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1933-ல் தண்ணீரும் வெடிமருந்தும் ஒரே படத்தில் வந்தால் உள்ளூர்க்காரனுக்கு யாரும் விளக்கவுரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

ஜான் வேய்ன் பெரிய நடிகராயிற்றே, ஏன் இப்படிப்பட்ட படத்தில்?

அப்போது அவர் பெரிய நடிகர் இல்லை, அதுதான் விஷயம். பெரிய ஆளாகியிருக்க வேண்டியவர், சறுக்கியவர். 1930-ல் ஃபாக்ஸ் நிறுவனம் ‘தி பிக் டிரெய்ல்’ என்ற பிரம்மாண்டமான படத்தில் 23 வயது வேய்னைக் கதாநாயகனாக்கியது. இயக்கம் ராவுல் வால்ஷ். 70 மில்லிமீட்டர் அகலத் திரைக்கெல்லாம் எடுத்தார்கள். பொருளாதார மந்தம் வந்து தியேட்டர்காரர்கள் அப்போதுதான் பேசும் படத்துக்காகக் கடன் வாங்கி ஒலிக்கருவி போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது, அகலத் திரைக்கு இன்னொரு செலவு செய்ய யார் தயார்? படம் ஊத்திக்கொண்டது, பழி பையன் மேல் விழுந்தது.

அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் செய்தார். கொலம்பியா நிறுவனத்தில் சின்ன வேடங்கள், மாஸ்காட் நிறுவனத்தின் தொடர் படங்கள், வார்னருக்கு ஆறு மலிவு வெஸ்டர்ன்கள். இந்த வார்னர் படங்களில் கௌபாய் நடிகர் கென் மேனார்டின் பழைய மௌனப் படக் காட்சிகளை வெட்டி ஒட்டினார்கள், அவை பொருந்துவதற்காக வேய்னுக்கு மேனார்டு மாதிரியே உடுப்பு மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து லோன் ஸ்டாருக்கு வந்தார். 1939-ல் வெளியான ‘ஸ்டேஜ்கோச்’ படத்துக்கு இயக்குநர் ஜான் ஃபோர்டு அழைக்கும்வரை, ஏறக்குறைய ஒன்பது வருடம், இந்த வனவாசம்தான்.

வனவாசம் என்று பாவப்பட்டுச் சொல்வார்கள், எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. பின்னாளில் உலகமே பார்த்த அந்த நடை, குதிரையில் ஏறும் விதம், வசனத்தை நடுவில் நிறுத்திச் சொல்லும் பாணி எல்லாம் இந்த மலிவுப் படங்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது. ‘ரைடர்ஸ்’ படத்தில் 26 வயசு, ஒல்லி, 6 அடி 4 அங்குலம். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற இடங்களும் உண்டு.

சரி, அந்தப் பாட்டை நிஜமாகவே அவர்தான் பாடினாரா?

இல்லை. ஒரு நிமிடம் கேட்டால் உங்களுக்கே புரிந்துவிடும். பேசும்போது இளைஞன் குரல், பாடும்போது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்த குரல். வெகுகாலம் ஸ்மித் பல்லூ என்ற பாடகரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்படுவது, அந்தக் குரல் இயக்குநரின் மகன் பில் பிராட்பரியுடையது என்பதுதான். பில்லோடு கூடப் பிறந்த இரட்டையர், பாப் ஸ்டீல் என்ற பெயரில் கௌபாய் ஹீரோவாக இருந்தவர். அவர் கிளெண்டேல் ஊரில் வேய்னின் பள்ளிக்கால நண்பரும்கூட. ஆக இயக்குநர், பாடியவர், வாயசைத்தவர் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வீட்டு ஆட்கள்.

நமக்கு இதில் என்ன அதிர்ச்சி இருக்கிறது, பின்னணிப் பாட்டில் வளர்ந்த சனம்தானே நாம் என்று கேட்கலாம். ஆனால் 1933-ல் நம் பக்கத்தில் நிலைமை தலைகீழ். தமிழில் பேசும் படம் வந்து இரண்டே வருடம், பாடத் தெரிந்தால்தான் நடிகர், இரவல் குரல் என்ற ஏற்பாடே இல்லை. அதே வருடம் அங்கே, பாடத் தெரியாத ஒரு நடிகரைப் பாடும் கௌபாயாக்கி விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

எதற்காக அவரைப் பாட வைத்தார்கள்?

படம் பேச ஆரம்பித்து ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. கௌபாய் படத்தில் பேச்சைவிடச் சத்தம்தான் அதிகம்: குளம்பொலி, வெடிச் சத்தம், இரண்டு வசனம். இந்த ஒலியை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று எல்லோரும் துழாவிக்கொண்டிருந்தார்கள். கென் மேனார்டு ஏற்கெனவே தன் படங்களில் சொந்தக் குரலில் பாடிப் பார்த்திருந்தார். பாட்டு மலிவான கவர்ச்சி, தனியாக செட் போட வேண்டாம், கூட்டம் சேர்க்க வேண்டாம்.

வேய்னுக்கு இது பிடிக்கவில்லை. நேரில் போகிற இடத்திலெல்லாம் பிள்ளைகள் “பாடுங்கள்” என்று கேட்க, அவர் நெளிந்திருக்கிறார். சிங்கிங் சாண்டி என்ற பாத்திரம் இந்த ஒரே படத்தோடு முடிந்தது. ஆனால் வாயசைப்பு உடனே நிற்கவில்லை, 1934-ல் வந்த ‘தி மேன் ஃப்ரம் யூட்டா’ தொடக்கத்திலும் குதிரை மேல் இரவல் குரலில் பாடிக்கொண்டு வருகிறார். அப்புறம் நிஜமாகவே பாடத் தெரிந்த ஜீன் ஆட்ரி வந்தார். 1935-லிருந்து அவர் படங்கள் பிய்த்துக்கொண்டு ஓட, பாடும் கௌபாய் என்பது தனிப் பிழைப்பாகவே ஆகிவிட்டது. வேய்ன் நிம்மதியாகச் சுடப் போய்விட்டார்.

ஒரே ஒரு காட்சி பார்க்க நேரம் இருக்கிறது என்றால்?

தெருவில் நடக்கிற அந்தத் துப்பாக்கி மோதல். தயங்காமல் சொல்வேன்.

ஸ்லிப் மார்கன் என்ற கூலித் துப்பாக்கிக்காரன் (ஏர்ல் டுவைர், எலும்பும் தோலுமான முகம்) எதிரே நிற்கிறான். சாண்டி மெதுவாக அவனை நோக்கி நடக்கிறான், நடந்துகொண்டே பாடுகிறான். காதல் பாட்டு இல்லை. இன்றைக்குத் தெருவில் ரத்தம் ஓடும், இரவு நீ செத்தவர்களோடு உட்கார்ந்து குடிப்பாய் என்கிற மாதிரி ஒப்பாரியும் மிரட்டலும் கலந்த பாட்டு. பாடி முடிக்கிற நேரத்தில் சுட்டு எதிராளியின் மணிக்கட்டுகளைப் பதம் பார்த்துவிடுகிறான், இனி அவன் துப்பாக்கி எடுக்கவே முடியாது.

முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இரண்டாவது தடவை பார்த்தபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆளைக் கொல்லப் போகிறவன் கத்தினால் பயமில்லை, முணுமுணுத்துப் பாடினால் அது வேறு மாதிரி இருக்கிறது. இதே யோசனையைப் பணக்கார ஸ்டுடியோவில் யாராவது சொல்லியிருந்தால் நாலு பேர் கூடிப் பேசி, “வேண்டாம், ஜனங்கள் சிரிப்பார்கள்” என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். இங்கே கூடிப் பேச நேரமில்லை, அதனால் காட்சி பிழைத்தது.

எவ்வளவு செலவில் எடுத்தார்கள்?

லோன் ஸ்டார் படங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு படத்துக்கு 10,000 முதல் 15,000 டாலர், ஷூட்டிங் ஒரு வாரத்துக்குள். ‘தி பிக் டிரெய்ல்’ செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது என்பதோடு ஒப்பிட்டால் அந்தப் பையன் எங்கிருந்து எங்கே விழுந்தான் என்று புரியும்.

ஆனால் ஏன் இவ்வளவு குறைவு என்பது கஞ்சத்தனம் மட்டுமில்லை, வியாபார முறை அப்படி. மந்த காலத்தில் கூட்டம் குறைந்ததும் தியேட்டர்காரர்கள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்ட ஆரம்பித்தார்கள். முதல் படம் பெரிய ஸ்டுடியோவுடையது, வசூலில் பங்கு. இரண்டாவது படத்துக்குப் பங்கு கிடையாது, நிலையான வாடகை. இவ்வளவுதான் என்று பேசி வாங்கிப் போட்டுவிடுவார்கள். படம் பிரமாதமாக இருந்தாலும் தயாரிப்பாளருக்கு ஒரு பைசா கூடுதலாக வராது, சுமாராக இருந்தாலும் குறையாது. வரவு முன்கூட்டியே தெரிந்த வியாபாரத்தில் லாபத்துக்கு ஒரே வழி செலவைப் பிடித்து வைப்பது. சின்ன நிறுவனங்கள் பலவும் ஊர் ஊராக விநியோகஸ்தர்களுக்கு உரிமையை விற்றார்கள், நம் ஊரில் ஏரியா விற்பது மாதிரியே.

குறைந்த செலவு படத்தில் எங்கெல்லாம் தெரிகிறது?

பின்னணி இசை கிடையாது. தலைப்பு ஓடும்போது கொஞ்சம் வாசித்துவிட்டு மூடிவிடுவார்கள். குதிரைத் துரத்தல் முழுக்க வெறும் குளம்பொலி, இல்லாவிட்டால் நிசப்தம். சண்டைக் காட்சியில் குத்து விழும்போது நாம் எதிர்பார்க்கிற அந்த ‘டிஷ்யூம்’ கூடக் கிடையாது. பூட்ஸ் தேய்கிற சத்தமும் நாற்காலி விழுகிற சத்தமும்தான் கேட்கும், அது ஏதோ பக்கத்து வீட்டுத் தகராறு மாதிரி இருக்கும். ரீ-ரெக்கார்டிங் அப்போதுதான் தவழ ஆரம்பித்த தொழில்நுட்பம், வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் வேறு. இவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

வெளிப்புறக் காட்சிகளில்தான் இவர்கள் பணக்காரர்கள். லோன் ஸ்டார் படங்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே நியூஹால், பிளாசெரிட்டா கேன்யன் பக்கத்து மலையிடுக்குகளில் எடுக்கப்பட்டவை. வெயிலுக்கு வாடகை கிடையாது. ஒளிப்பதிவாளர் ஆர்ச்சி ஸ்டவுட், ஏப்பை சாப்பையான ஆள் இல்லை: 1952-ல் ஜான் வேய்ன் நடித்த ‘தி கொயட் மேன்’ படத்துக்காக இன்னொருவரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கியவர். பிராட்பரிக்கு ஒரு பழக்கம் உண்டு, துரத்தல் காட்சிகளில் கேமராவை விருட்டென்று பக்கவாட்டில் திருப்பி எல்லாம் கோடாக மங்கும் நேரத்தில் அடுத்த ஷாட்டுக்குப் போய்விடுவார். லோன் ஸ்டார் படங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம், கொஞ்சம் தலைசுற்றும், ஆனால் வேகம் கிடைக்கும்.

ஸ்டண்ட் யார்? டூப் போட்டார்களா?

யாகிமா கனட். ரோடியோ (முரட்டுக் குதிரை, மாடுகளை அடக்கும் போட்டி) சாம்பியனாக இருந்து சினிமாவுக்கு வந்தவர். இந்தப் படத்தில் வில்லனின் அடியாட்களில் ஒருவராக முகமும் காட்டுவார், வேய்னுக்கு டூப்பும் போடுவார். லோன் ஸ்டார் படங்களில் தன்னையே தான் துரத்திய சங்கதியெல்லாம் சகஜம்.

இவர்களிடமிருந்து சினிமாவுக்குக் கிடைத்த ஒரு விஷயம் இன்றுவரை ஓடுகிறது. அதற்கு முன் திரைச் சண்டை என்றால் தோளில் நிஜமாகவே குத்துவார்கள், பார்க்க மல்யுத்தம் மாதிரி மந்தமாக இருக்கும், வலியும் மிச்சம். குத்து முகத்தைத் தொடாமல் பக்கத்தில் பறந்து போகட்டும், வாங்குகிறவன் சரியான நேரத்தில் தலையை வெட்டட்டும், கேமராவை மட்டும் இடைவெளி தெரியாத கோணத்தில் வை, அவ்வளவுதான். வேய்ன், கனட், பிராட்பரி மூவரும் சேர்ந்து இந்தக் காலகட்டத்தில் தேய்த்துப் பதப்படுத்திய முறை இது, முதலில் யாருக்குத் தோன்றியது என்பதில் கதைகள் பல.

கனட் பிறகு ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஓடுகிற குதிரைகளுக்கு நடுவே விழுந்து வண்டிக்கு அடியில் போகிற சாகசத்தைச் செய்தார், 1959 ‘பென்ஹர்’ ரத ஓட்டத்தை வடிவமைத்தார், கௌரவ ஆஸ்கரும் வாங்கினார்.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கால வெஸ்டர்ன்களில் குதிரை தலைகுப்புற விழுவதைப் பார்த்தால், பெரும்பாலும் காலில் கம்பி கட்டி இழுத்துவிடும் முறை அது. குதிரைகள் கால் ஒடிந்து செத்தன. கனட் அந்த வித்தையில் பேர்போனவர். 1939-ல் ஒரு பெரிய படத்தில் குதிரை பாறையிலிருந்து விழுந்து செத்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் கண்காணிப்பு வந்தது. இது தெரிந்தபின் துரத்தல் காட்சிகளை முன்போல ரசிக்க முடியவில்லை என்னால்.

மற்ற நடிகர்கள்?

கிழவர் டென்டனாக ஜார்ஜ் ஹேஸ், பின்னாளில் பொக்கை வாய்த் தாடிக்காரர் ‘கேபி’ ஹேஸ் என்று புகழ்பெற்றவர். கின்கெய்டாக ஃபாரஸ்ட் டெய்லர். ஃபேயாக செசிலியா பார்க்கர், பிறகு எம்ஜிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஹார்டி படங்களில் அக்காவாக வந்தவர். ஃபேயைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அறிமுகமாகும்போதே கோச் வண்டியை மறித்துக் கொள்ளையடிக்கிறாள், கின்கெய்ட் திருடிய தன் பணத்தைத்தான் எடுக்கிறாள். இப்படி ஒரு அறிமுகத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவளை வீட்டுக்குள் அனுப்பிக் கவலைப்பட வைத்துவிட்டார்கள். சிரிப்புக்கு ஆல் செயின்ட் ஜான், மௌனப் படக் காலத்து நகைச்சுவை நடிகர். சிரிப்பு வரவில்லை.

எங்கே, எந்தப் பிரிண்டைப் பார்ப்பது?

அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி 28 வருடத்தில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்த மாதிரிச் சின்னப் படங்களுக்கு யாரும் அதைச் செய்யவில்லை, அதனால் இவை இணையத்தில் இலவசமாகவே உலவுகின்றன. தேடினால் பத்துப் பிரதி கிடைக்கும், பத்தும் பத்துத் தினுசு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நான் முதலில் பார்த்தது மலிவு விலை டிவிடி தொகுப்பு ஒன்றில், ஒரு பெட்டிக்குள் இருபது படம். படம் தொடங்கியதிலிருந்து கீபோர்டு ஒன்று விடாமல் இழைகிறது, கல்யாண வீடியோ மாதிரி. 1933-ல் ஏது இந்தச் சத்தம் என்று குழம்பி, பிறகுதான் தெரிந்துகொண்டேன்: பிற்காலத்தில் விற்பனைக்காகச் சேர்த்த இசை அது. வண்ணம் பூசிய, வெட்டிச் சுருக்கிய பிரதிகளும் இந்த வகைப் படங்களுக்கு உண்டு. தெருக் காட்சியில் வாத்தியம் புகுந்துவிட்டால் எல்லாம் போச்சு. பின்னணி இசை இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரதி, 50 நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டில் இல்லாமல் புரியுமா?

ஒலி கரகரக்கும், பாதி வசனம் தூசிக்குள் போய்விடும். ஆனால் வில்லன் யார் என்பது மீசையிலேயே தெரியும், மற்றதைக் குதிரைகள் பார்த்துக்கொள்ளும். பாட்டு வரிகளை மட்டும் தேடி ஒரு தடவை படித்துவிட்டு உட்காருங்கள்.